பழைய வலை முதல் பெட் பாட்டில் வரை: ராமநாதபுரம் கடற்கரைக் குப்பை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, சாலையோரத்தில் எங்கள் சித்தப்பாவின் பழைய இரும்புக்கடை இருக்கிறது. கல்லூரி முடித்த வருடத்திலிருந்து அங்கே எடை போடுவதும் கணக்கு எழுதுவதும் என் வேலை. பாட்டில் கொண்டுவரும் அக்காமார், வலை கொண்டுவரும் அண்ணன்மார், பள்ளிக்கூட டீச்சர்கள், கடற்கரையைச் சுத்தம் செய்ய வரும் பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். தராசு முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

மறுசுழற்சி, சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்களே, அதுவும் காயலான் கடையும் ஒன்றா?

முக்கால்வாசி ஒன்றுதான். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று சைக்கிளில் கூவிக்கொண்டு வந்தவரை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டைக் குடத்தைக் கொடுத்தால் பழம் கிடைக்கும். குடம் உலைக்குப் போய் மறுபடி உலோகமாகும். கோலி சோடா பாட்டில் கடைக்கே திரும்பிப் போனது. பித்தளைப் பாத்திரத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை வெள்ளீயம் பூசி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். ஒரு பொருளைச் செய்து, பயன்படுத்தி, எறியாமல் மறுபடி மூலப்பொருளாக்குவதைத்தான் புத்தகங்கள் இன்று சுழற்சிப் பொருளாதாரம் என்கின்றன. காயலான் கடை என்ற பெயர் காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்று சொல்வார்கள். அங்கிருந்து கடலோரமாகவே வந்தால் எங்கள் ஊர்.

மீதிக் கால்வாசி எங்கள் கையில் இல்லை. விலை உள்ளதைத்தான் நாங்கள் வாங்க முடியும். விலையே இல்லாத ஒரு பொருளைச் செய்து விற்றவர்தான் அதைத் திரும்ப எடுக்க வழி செய்ய வேண்டும்.

நான் கொடுக்கும் பாட்டில் கடைசியில் எங்கே போகிறது?

தெருவிலும் கரையிலும் பொறுக்குபவர் சாக்கில் கட்டி எங்கள் மாதிரிக் கடைக்குக் கொண்டுவருவார். வீடு வீடாகப் போய் வாங்கும் வண்டிக்காரரும் இங்கேதான் இறக்குவார். நாங்கள் தரம் பிரித்து, லோடு சேர்ந்ததும் மதுரைப் பக்கத்து மொத்த வியாபாரிக்கு அனுப்புவோம். அவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரித்து, அமுக்கிக் கட்டி, ஆலைக்கு விற்பார்கள். அங்கே பாட்டிலைக் கழுவித் துண்டு துண்டாக வெட்டுவார்கள். பெட் பாட்டில், அதாவது தண்ணீரும் குளிர்பானமும் வரும் பிளாஸ்டிக் பாட்டில், பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையாகிறது. தலையணைப் பஞ்சாகவும் துணியாகவும் திரும்பி வரும். பிளாஸ்டிக் குடம், வாளியெல்லாம் உருக்கிக் குருணையாகி, மறுபடி வாளியாகவோ குழாயாகவோ மாறும். அட்டை காகித ஆலைக்கு, இரும்பு உருக்காலைக்கு. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் மின்சாரத்தில், பழையதை உருக்கினால் சுமார் 95 சதவீதம் மிச்சம். அலுமினியப் பாத்திரத்துக்கும் கேனுக்கும் நல்ல விலை கிடைப்பது அதனால்தான்.

கடற்கரையில் பொறுக்கியதற்கு மட்டும் ஏன் குறைவாகக் கொடுக்கிறீர்கள்?

எங்கள் மேல் அதிகம் வருத்தம் வருவது இந்த இடத்தில்தான். விளக்கமாகச் சொல்கிறேன்.

முதல் காரணம் மணல். கரையில் கிடந்த ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஒரு கைப்பிடி ஈர மணல் இருக்கும். ஒரு சாக்கில் எத்தனை பாட்டில்! மணலுக்கு விலை கொடுத்து வாங்கினால் மதுரையில் எங்களுக்குக் கழித்துவிடுவார்கள். அதோடு, மணல் வெட்டும் இயந்திரத்தின் பிளேடைத் தின்றுவிடும்.

இரண்டாவது, உப்பும் ஈரமும். பெட் ஈரத்தோடு உருகினால் அதன் வலு குறைந்துவிடும். ஆலைக்காரர் அதை நன்றாகக் கழுவி, காயவைத்தே ஆக வேண்டும். அது செலவு.

மூன்றாவது, வெயில். தண்ணீரில் மிதந்து, மணலில் கிடந்து, ஒரு வருடம் வெயில் குடித்த பிளாஸ்டிக் வாளியை விரலால் அழுத்தினால் முறுக்கு மாதிரி நொறுங்கும். பார்க்க முழுசாக இருக்கும், எடைத்தட்டில் வைக்கும்போதே விளிம்பு உதிரும். அது மறுபடி நல்ல வாளியாகாது.

இரும்புக்கும் இதே கதை. உப்புக்காற்றில் நங்கூரம், சங்கிலி, தகரம் எல்லாம் அடுக்கடுக்காகத் துருப் பிடிக்கும். சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் செதில் செதிலாக விழுந்து, பத்து கிலோ என்று கொண்டுவந்தது எட்டாகிவிடும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. எங்களிடம் வரும் ஒரு அக்கா முதலில் மூடியைத் திறந்து மணலைத் தட்டிவிடுவார். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் ஒரு அலசு அலசி, மிதித்து நசுக்கி, அரை நாள் காயவைத்து மூடியைத் தனியாகக் கட்டிக் கொண்டுவருவார். அவருக்கு வீட்டுப் பாட்டில் விலையே கொடுக்கிறோம். நல்ல தண்ணீருக்கே குடத்தோடு அலையும் ஊரில் அந்த ஒரு அலசலும் சும்மா வருவதில்லை. அவர் உழைப்புக்கு அந்த விலையும் குறைவுதான் என்று எனக்குத் தெரியும்.

மூடியை ஏன் தனியாகக் கேட்கிறீர்கள்?

மூடி வேறு பிளாஸ்டிக், பாட்டில் வேறு பிளாஸ்டிக். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டையும் நறுக்கிப் போடுங்கள்: மூடித் துண்டு மிதக்கும், பாட்டில் துண்டு அடியில் போய் உட்காரும். ஆலையிலும் இதே தண்ணீரை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். மூடி இருந்தால் பாட்டிலை நசுக்கவும் முடியாது. காற்றைத்தான் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

பழைய வலையை வாங்குவீர்களா? எது ஓடும், எது ஓடாது?

வாங்குவோம். ஆனால் "வலை" என்று ஒரே பொருள் கிடையாது.

விசைப்படகின் இழுவை மடி பெரும்பாலும் பாலிஎத்திலீன் நூல். அது தண்ணீரில் மிதக்கும். கயிறும் அந்த இனமே. உருக்கிக் குருணையாக்குவது எளிது என்பதால் இதற்கு ஆள் இருக்கிறது. நண்டு வலை, தங்கூசி வலை எல்லாம் நைலான், மூழ்கும். நைலான் நல்ல பொருள், அதற்கும் தனியாக வாங்குபவர்கள் உண்டு. பழைய நைலான் வலையை வேதி முறையில் பிரித்துப் புது நைலான் மாதிரியே நூலாக்கும் ஆலை ஸ்லோவேனியாவில் ஓடுகிறது. ஆனால் இரண்டையும் கலந்து கொண்டுவந்தால் இரண்டும் கெடும், ஏனென்றால் இரண்டும் உருகும் சூடு வேறு.

வலையைப் பிரிப்பது எப்படி என்று ஒரு தடவை பார்த்தால்தான் புரியும். மேல்கயிற்றிலிருந்து மிதவையை உருவி எடுக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் அடுத்த வலைக்கு ஆகும். அடிக்கயிற்றில் வரிசையாக ஈயக்குண்டு இருக்கும், கத்தியால் கீறி ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கயிறு தனி, வலைத்துணி தனி. அப்புறம் கண்ணிகளில் சிக்கிய நண்டுக்கால், சிப்பி, பாசி, சுள்ளி எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். இதை உட்கார்ந்து செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு சாயங்காலம் முழுதும் மூன்று பேர் குனிந்து செய்தாலும் நண்டு வலையில் பெரிய குவியல் சேராது. விரலில் ரத்தக்கோடு மட்டும் நிறைய இருக்கும். நண்டு தன் காலாலேயே கண்ணியை அறுத்துவிடுவதால் இந்த வலை சீக்கிரம் கழிந்துபோகும். பாக் நீரிணைப் பக்கம் நண்டுத்தொழில் செய்யும் ஊர்களில் கரை முழுக்க இது கிடப்பதற்குக் காரணம் அதுவே.

வருடத்தில் எங்களுக்கு வலை அதிகம் வருவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பழையதைக் கழித்துப் புதியது கட்டுவார்கள். வலை விற்பவர்கள் பிரித்து வைக்கச் சரியான சமயம் அது.

விற்காத வலையும் வீணாவதில்லை. மீனவர் ஊர்களில் பாதி வேலி பழைய வலைதான். கோழிக்கூடு, முருங்கைக் கன்றுக்குக் காப்பு, கருவாடு காயும் பந்தலுக்கு மேல் காக்கை வராமல் விரிப்பு. இதில் ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. வேலியாகக் கட்டிய வலை தரையோடு கிடந்தால் பாம்பும் உடும்பும் சிக்கிச் சாகும். ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள்.

முன்பெல்லாம் வலை குப்பையானதே இல்லை என்கிறார்களே?

உண்மைதான். தாத்தா காலத்து வலை பருத்தி நூல். அது உழைக்க வேண்டும் என்று பனிச்சங்காய்ச் சாறில் தோய்த்துக் காயவைப்பார்களாம். அறுந்து கடலில் விழுந்தால் சில மாதத்தில் மக்கிவிடும். நைலான் வந்த பிறகு வேலை சுலபமானது. மீனவர் யாரும் பின்னால் போக மாட்டார்கள், போகச் சொல்வதும் நியாயமில்லை. உழைக்கும் நூலுக்கு ஒரு திரும்பும் வழி வேண்டும், அவ்வளவே.

வலையைக் கடலிலேயே விட்டுவந்தால் என்ன ஆகும்?

அது மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாமல், எடுப்பார் இல்லாமல். பேய் வலை என்று இப்போது எழுதுகிறார்கள். சிக்கிய மீன் அழுகி, அதைத் தின்ன வந்த நண்டு சிக்கி, அதற்கு மேல் ஆமை. கடல்பசுவும், எங்கள் பக்கத்தில் ஆவுளியா என்போம், மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய உயிர். வலையில் சிக்கினால் மூழ்கித்தான் சாகும்.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. பாறையில் சிக்கிய வலை ஒவ்வொரு அலைக்கும் அரம் மாதிரி உராயும். அதை நீங்களாகப் போய் இழுத்துவிடாதீர்கள். இழுத்தால் பவளம் ஒடிந்து கூடவே வரும். முங்கி, கத்தரித்து எடுக்கத் தெரிந்தவர்கள்தான் எடுக்க வேண்டும். தீவுப் பகுதிக்குள் போக வனத்துறை அனுமதியும் தேவை.

கொல்லம் நீண்டகரையில் 2017 முதல் மீனவர்களே வலையில் வந்த பிளாஸ்டிக்கைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதை அரைத்துச் சாலைக்குப் பயன்படுத்தினார்கள். சென்னை காசிமேட்டில் அரசே பழைய வலையை எடைக்கு வாங்கும் மையம் இருக்கிறது. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் மூக்கையூரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் கேட்காத நாள் இல்லை. அறுந்த வலைக்குக் கரையில் ஒரு விலை இருந்தால் அதைக் கடலில் விட யாருக்கும் மனம் வராது.

எதை யாருமே வாங்க மாட்டார்கள்?

தெர்மாகோல் மீன்பெட்டி. எடையே இல்லை; ஒரு லாரி நிறைய ஏற்றினாலும் டீசல் காசு தேறாது. சிப்ஸ் கவர், ஷாம்பூ பாக்கெட்: பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிப் பிறந்தவை, பிரிக்க முடியாது. குழந்தை டயப்பர். அழுக்கான கேரி பை.

பிறகு, பழைய பைபர் படகு. இதை யாரும் யோசிப்பதில்லை. இரும்பைப் போலவோ பிளாஸ்டிக் வாளியைப் போலவோ பைபரை மறுபடி உருக்க முடியாது; கண்ணாடி இழையும் ரெசினும் இறுகி ஒன்றாகிவிட்ட பொருள் அது. மரவல்லம் உடைந்தால் பலகை விறகாகும், ஆணி கடைக்கு வரும். உடைந்த பைபர் படகு கரையில் அப்படியே கவிழ்ந்து கிடக்கும். வெயிலில் தோல் உரிந்து, ஊசி மாதிரி இழை பறக்கும். குழந்தைகளை அதன் மேல் ஏறி விளையாட விடாதீர்கள்.

வாங்க ஆள் இல்லாத பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. இன்னொரு வழி சாலை. சூடான ஜல்லி மேல் அரைத்த பிளாஸ்டிக்கைப் பூசி, பிறகு தார் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் நமக்குப் பக்கத்தில் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன்; 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த முறையில் கேரி பை, தெர்மாகோல் எல்லாம் போகும். பிவிசி என்ற பிளாஸ்டிக் மட்டும் கூடாது.

பாட்டிலை மறுபடி பயன்படுத்துவது நல்லதுதானே? பாசி வளர்ப்பில் கட்டுகிறார்களே?

கடல்பாசி வளர்ப்பவர்கள் கயிற்றில் மிதவையாகப் பழைய பெட் பாட்டிலைக் கட்டுவது உண்மை. காசில்லாத மிதவை. நல்ல யோசனைதான். ஆனால் வெயிலில் நைந்த பாட்டில் காற்றுக் காலத்தில் அறுந்து வந்து கரையில் ஒதுங்குகிறது. பருவம் முடிந்ததும் எண்ணிக் கழற்றி எங்களிடம் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறோம். பாதிப் பேர் கொண்டுவருகிறார்கள், மீதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

எரித்துவிட்டால் பிரச்சினை முடிந்ததுதானே?

வேண்டாம். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒயரின் மேலுறை பிவிசி. அது எரிந்தால் வரும் புகையில் டையாக்சின் போன்ற நஞ்சு இருக்கிறது. எரித்த செம்பு கறுத்துப்போவதால் விலையும் குறையும். கத்தியால் உரித்துக் கொண்டுவந்தால் பளபளவென்று இருக்கும், கிலோவுக்கு அதிகம் கிடைக்கும். வலையை எரித்தால் உருகிக் கட்டியாகி மணலோடு ஒட்டிவிடும். அதை அப்புறம் யாராலும் எடுக்க முடியாது.

படகு பேட்டரி ஈயத்தை உருக்கி வலைக்குண்டு வார்க்கலாமா?

கூடவே கூடாது. இதில் நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். பேட்டரியை உடைத்து ஆசிடை மணலில் ஊற்றி, சமைக்கும் அடுப்பிலேயே சட்டி வைத்து ஈயம் உருக்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கைக்குழந்தை. ஈயப்புகையும் தூசியும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேட்டரியை உடைக்காமல் முழுதாக, புது பேட்டரி வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். பழையதற்கு விலை கழித்துக்கொள்வார்கள். குண்டு வேண்டுமென்றால் வார்த்ததை வாங்குங்கள்.

செல்போன் பேட்டரியை ஆணியால் குத்துவது, சுத்தியலால் தட்டுவது இரண்டும் தீயில் முடியும். எங்கள் கடையில் அதற்கு மண் நிரப்பிய தனி வாளி.

கரையில் ஒதுங்கியது எதையும் எடுத்து விற்கலாமா?

இல்லை. பவளக்கல், ஆமை ஓடு, கடல் அட்டை ஆகியவற்றை எடுப்பதும் வைத்திருப்பதும் வன உயிரினச் சட்டப்படி குற்றம். நாங்கள் தொடக்கூட மாட்டோம்.

என்னவென்று தெரியாத உருளை, பெட்டி, பீப்பாய், குண்டு மாதிரி இரும்பு எது கிடந்தாலும் கைவைக்காமல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093-ல் சொல்லுங்கள். 2018-ல் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டிய இடத்தில் பழைய தோட்டாப் பெட்டிகள் வந்ததை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். இரும்பு என்று நினைத்துச் சுத்தியலைத் தூக்கும் முன் ஒரு போன் செய்துவிடுவது மேல்.

குப்பை பொறுக்கும் இந்த வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? வேறு நாடுகளில் எப்படி?

உலகம் முழுக்க 1.5 கோடி முதல் 2 கோடிப் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலும் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா.

கெய்ரோவில் சப்பாலீன் என்ற மக்கள் பல தலைமுறையாக நகரத்துக் குப்பையை வீடு வீடாக எடுத்து, உணவு மிச்சத்தைப் பன்றிகளுக்குப் போட்டு, மீதியைப் பிரித்து விற்று வாழ்ந்தார்கள். 2009-ல் பன்றிக்காய்ச்சல் பயத்தில் அரசாங்கம் சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொன்றது. உணவுக்கழிவை எடுக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போய், தெருவில் அழுகிக் கிடந்தது. ஒரு நகரம் யாரை நம்பி ஓடுகிறது என்று அப்போதுதான் நகரத்தாருக்குத் தெரிந்தது.

பிரேசிலில் 2002-லேயே கழிவு சேகரிப்பதை ஒரு தொழிலாக அரசுப் பட்டியலில் சேர்த்தார்கள். கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் 2013 முதல், சேகரித்துக் கொண்டுவரும் எடைக்கு ஏற்ப நகராட்சிப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். விற்ற காசு தனி, அந்தச் சேவைக்கான காசு தனி. புணேயில் கழிவு சேகரிப்பவர்களே, அதிலும் பெரும்பாலும் பெண்களே, உறுப்பினர்களாக இருக்கும் கூட்டுறவு 2008-லிருந்து வீடு வீடாக எடுக்கிறது. வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் தருகிறார்கள், தரம் பிரித்ததை விற்ற பணமும் சேகரிப்பவர்களுக்கே.

எனக்குப் பிடித்தது போகோட்டா வழி. எங்கள் கரையில் பாட்டில் எடுக்கும் அக்காவுக்கு இன்று கிடைப்பது பாட்டிலின் விலை மட்டும். கடலுக்குள் போகாமல் அவர் தடுத்ததற்கு யாரும் ஒரு பைசா தருவதில்லை.

அவர்களுக்கு அரசுத் திட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, போய்ச் சேர்வதுதான் கஷ்டம். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே கழிவு சேகரிப்பவர்களை அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குச் சொன்னது. சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் சுத்தம் செய்பவர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024-ல் இவர்களையும் சேர்த்தார்கள்: கணக்கெடுப்பு, அடையாள அட்டை, பாதுகாப்புக் கருவி, மருத்துவக் காப்பீடு. தமிழ்நாட்டில் தூய்மைப் பணிபுரிவோர் நலவாரியம் 2007-லிருந்து இருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் செய்யலாம். 16 முதல் 59 வயது, ஆதார், வங்கிக் கணக்கு போதும், இ-சேவை மையத்தில் செய்துதருவார்கள். எங்கள் கடைக்கு வருபவர்களில் பலருக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆனால் ஆதாரோடு இணைத்த போன் நம்பர் மாறிப்போயிருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஒரு வருத்தத்தையும் இங்கே எழுதுகிறேன். ஒரு திருவிழா முடிந்த மறுநாள் நாலு அக்காமார் விடியலுக்கு முன்பே போய்ப் பாட்டில் பொறுக்கி, ஏறத்தாழ இருபது சாக்கு கட்டி ஓரமாக வைத்துவிட்டு வண்டி தேடப் போனார்கள். திரும்பி வருவதற்குள் குப்பை வண்டி அத்தனையையும் அள்ளிக் கலந்து கிடங்கில் கொட்டிவிட்டது. கேட்டதற்கு, "உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்றார்கள். கையில் ஒரு அட்டை இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

பெரிய நிறுவனங்கள் தாங்கள் விற்ற பிளாஸ்டிக் உறைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2022-ல் விரிவான வழிமுறை வந்தது. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டுகிறார்கள். அந்தச் சான்றிதழின் பணம் ஆலையோடு நின்றுவிடுகிறது. மணலில் குனிந்தவர் பெயர் அதில் எங்கும் இல்லை.

எடையில் ஏமாற்றுகிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்னணுத் தராசு என்றால் வருடத்துக்கு ஒரு முறை முத்திரை போட்டிருக்க வேண்டும். முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். வைக்கும் முன் சைபர் காட்டுகிறதா என்று பாருங்கள். எடை தெரிந்த ஒரு பொருளை, பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டே போதும், வைத்துப் பார்க்கலாம். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

தடை வந்த பிறகும் கரையில் ஏன் இவ்வளவு பிளாஸ்டிக்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. மஞ்சப்பையும் திரும்பி வந்தது. ஆனால் தண்ணீர் பாட்டில் அந்தத் தடையில் இல்லை. கடலுக்கு எல்லையும் இல்லை: வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் பெண்கடல் என்கிற பாக் நீரிணைப் பக்கம், தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடாப் பக்கம், எங்கெங்கோ போட்டதெல்லாம் நம் கரையில் வந்து ஒதுங்கும். பாட்டில் லேபிளில் சிங்களம் பார்க்கலாம், நம் கரையில் விழுந்தது அந்தப் பக்கமும் போகும்.

வழி இல்லாமல் இல்லை. டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை 2022-ல் நீலகிரியில் தொடங்கி வேறு மாவட்டங்களுக்கும் வந்தது. காட்டில் உடைந்து கிடந்த பாட்டில் கடைக்குத் திரும்பியது. ராமேஸ்வரத்தில் விற்கும் ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலுக்கும் அப்படிச் சில ரூபாய் வைத்தால் அக்னி தீர்த்தக் கரையில் ஒரு பாட்டில் கிடக்காது. பொறுக்குபவருக்கும் அது சம்பளம்.

தீர்த்தமாடிவிட்டுத் துணியைக் கடலில் விடுவது சம்பிரதாயம்தானே?

நம்பிக்கையை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் இன்றைய சேலையிலும் வேட்டியிலும் பல பாலியெஸ்டர் கலந்தவை; அது மக்காது, உப்பில் ஊறிய துணியை வாங்கவும் ஆள் இல்லை. கரையில் ஒருவர் கையில் கொடுத்தாலும் விட்டதாகத்தானே கணக்கு?

எங்கள் பள்ளியிலிருந்து கடற்கரையைச் சுத்தம் செய்ய வருகிறோம். என்ன கொண்டுவர வேண்டும்?

வருவதற்கு முன்னால் கடைக்கு ஒரு போன். எது வாங்குவோம் என்று சொல்கிறோம், அதற்கு ஏற்றபடி நாலு குவியலாகப் போடுங்கள்: பாட்டில், கெட்டிப் பிளாஸ்டிக், வலையும் கயிறும், மீதி. மீதியை எடுத்துக்கொள்ள ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள், இல்லையென்றால் அது அங்கேயே கிடந்து திரும்பக் கடலுக்குப் போகும்.

காலில் செருப்பு வேண்டாம், ஷூ. கையுறை கட்டாயம். ஊசி, உடைந்த டியூப்லைட், சிரிஞ்சு கண்டால் பிள்ளைகள் தொடக் கூடாது. ஒரு பெரியவர் தகர டப்பாவில் எடுக்கட்டும். வெயில் ஏறும் முன், ஆறு மணிக்குத் தொடங்குங்கள்.

அந்தக் கரையில் தினமும் பொறுக்கும் அக்காமாரையும் கூப்பிடுங்கள், அன்றைய கூலியைக் கொடுங்கள். எந்தப் பாட்டில் ஓடும், எது ஓடாது என்று பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்வது மாதிரி என்னால் சொல்ல முடியாது. போன தடவை ஒரு அக்கா, கண்ணை மூடிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் கசக்கி, சத்தத்தை வைத்தே வகை சொன்னார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் கொண்டுவந்து சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை.

சாக்கு வாங்க வேண்டாம். பழைய நண்டு வலையில் நாங்கள் தைத்து வைத்த பைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. தூக்கி இரண்டு உதறு உதறினால் மணலும் தண்ணீரும் கரையிலேயே விழுந்துவிடும். எடுத்துப் போய், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.